காத்து மேஸ்திரி

1986, ஐப்பசி மாதம். எட்டயபுரம் சாலையில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்குப் பெயரே ஆபீஸ்தான். மூன்று நாளாக மழை. மருந்து முக்கிய கட்டைகள் காயாமல் நிற்கின்றன. குச்சி அடுக்கிய சட்டத்தைத்தான் கட்டை என்போம். மருந்துத் தலையைத் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. முதலாளி ஆள் அனுப்பியிருந்தார்.

“தம்பி, பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனா ரெண்டு மாட்டும். ஈரத்தைப் பூரா இழுத்து வெளியே தள்ளட்டும்.”

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. தனியாகப் பட்டறை போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் மேற்குச் சுவரில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டு ஃபேனையும் மாட்டினேன். மேற்கே காலி நிலம். சத்தம் என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்பது மட்டும்தான் காரணம். கட்டைகள் ஒருமாதிரி காய்ந்தன. முதலாளி கூலியோடு தீபாவளி வேட்டியும் கொடுத்தார்.

ஆனி பிறந்து மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, இறங்கியதும் வேட்டிக்கு வட்டி கட்ட வேண்டியதாயிற்று. சுவிட்சை அணைத்திருந்தாலும் இறக்கை தானாகவே எதிர்த்திசையில் சுற்றுகிறது. சுவிட்சைப் போட்டால், உள்ளே தள்ளிக்கொண்டு வருகிற காற்றை எதிர்த்து இறக்கையைத் திருப்புவதற்குள் மோட்டார் முனகுகிறது. ஒரு வாரத்தில் ஒன்று புகைந்துவிட்டது. காலி நிலத்துக் கரிசல் புழுதி அந்த ஓட்டை வழியாக வந்து மருந்து, பசை, அட்டை எல்லாவற்றின் மேலும் படிந்தது.

“உள்ள இருக்கிற காத்தை வெளியே தள்ளச் சொன்னா, ஊர்க்காத்தை எல்லாம் உள்ள கூட்டிட்டு வந்துட்டீரே” என்றார் முதலாளி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. இரண்டு ஃபேனையும் என் செலவில் கிழக்குச் சுவருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

கோவில்பட்டிக்காரன் காற்றை மறந்ததற்குக் கிடைத்த தண்டனை அது. கேரளத்துப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வறண்டு இறங்குகிற காற்று ஆனியிலிருந்து ஆவணி வரை எங்கள் கரிசலை உலர்த்தி எடுக்கும். அது இருப்பதால்தான் கயத்தாறைச் சுற்றி இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. கரிசல் சம்சாரிகள் களத்தில் தானியம் தூற்றுவதற்கு முன்னால் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கீழே விட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

அப்பாவுக்குக் கொல்லுப்பட்டறை. கலப்பைக் கொழு, அரிவாள், களைக்கொத்து, வண்டிப்பட்டை. நான் துருத்தி ஊதின பையன். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வந்த பிறகு இரண்டு மணி நேரம். வேகமாக ஊதினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நான் இழுத்து இழுத்து ஊதினால் அப்பா கத்துவார்: “ஏல, நெருப்பை வளக்கச் சொன்னா அணைக்கப் பாக்கியே.” கரி கொள்ளுகிற அளவுக்கு மேல் போகிற காற்று நெருப்பைக் குளிர வைத்து, சூட்டையும் அள்ளிக்கொண்டு போய்விடும். இரும்பிலும் கண்டபடி செதிள் விழும். அந்த வயதில் எனக்கு அது அப்பாவின் எரிச்சலாக மட்டும் தெரிந்தது.

வண்டிப்பட்டை ஏற்றுகிற நாள்தான் திருவிழா. சக்கரத்தை விடச் சற்றே சிறிதாக அடித்த இரும்பு வளையத்தைத் தரையில் போட்டுச் சுற்றிலும் எருவட்டி அடுக்கி மூட்டுவார்கள். வளையம் பழுத்து விரிந்ததும் நாலு பேர் குறடு பிடித்துத் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஊற்றினால் அந்தப் பக்கம் முதலில் சுருங்கி வளையம் கோணிக்கொள்ளும். சுற்றி நின்று ஒரே நேரத்தில் ஊற்ற வேண்டும். பின்னாளில் கடலை மிட்டாய்ப் பலகை முன்னால் நின்றபோதுதான் இது எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. 1978இல் மில்லில் சேர்ந்தேன். கோவில்பட்டியில் பஞ்சாலை 1891 முதல் ஓடுகிறது. ஊரில் வீட்டுக்கு ஒருவர் மில்லில் இருந்த காலம் உண்டு. என்னை நூல் பக்கம் விடவில்லை. ஈரக்காற்று அனுப்புகிற ஹியூமிடிபிகேஷன் பிளாண்டில் எடுபிடியாகப் போட்டார்கள். பிளாண்ட் என்பது ஓர் இருட்டறை. ஒரு பக்கம் ஆளுயரத்துக்கு மேல் பெரிய ஃபேன். அதன் முன்னால் வரிசையாகக் குழாய்களில் நூற்றுக்கணக்கான நாசில்கள் தண்ணீரைப் புகைபோலத் தூவும். அந்தத் தூவலுக்குள் நுழைந்து குளிர்ந்து நனைந்து போகிற காற்று, மடிப்பு மடிப்பான தகடுகளில் மோதித் துளிகளை உதறிவிட்டு, தகரக் குழாய் வழியாக நூற்பு ஹாலுக்குப் போகும். ஹாலின் சூட்டையும் பஞ்சுத் தூசியையும் வாங்கிக்கொண்டு தரைக்கடியில் இருக்கிற சுரங்கம் வழியாகத் திரும்பி வரும்.

நூற்பு ஹாலில் ஈரப்பதம் 55, 60 சதவீதம் பக்கம் நிற்க வேண்டும். குறைந்தால் இழை விறைத்துப் பட்டுப் பட்டென்று அறும்; பஞ்சு மின்னேறி உருளையில் சுற்றிக்கொள்ளும். கூடினாலும் சுற்றிக்கொள்ளும். ஆடி மாதம் ஷிப்டுக்கு ஷிப்டு இழை அறுகிற கணக்கு ஏறும்போது நூற்பு மேஸ்திரி ஓடிவந்து முதலில் திட்டுவது எங்களைத்தான்.

பிளாண்டில் இருந்த பெரியவர் ஒருவர் எனக்கு ஒரு கருவியைக் காட்டினார். பலகையில் இரண்டு தெர்மாமீட்டர். ஒன்றின் குமிழில் மட்டும் ஈரத்திரி. வெளியே கூட்டிப்போய்ச் சுழற்றச் சொன்னார். காய்ந்தது 38 காட்டியது. ஈரத்திரி சுற்றியது 24. “இந்த 24தான் உன் எல்லை. எத்தனை நாசில் போட்டாலும், எத்தனை ஃபேன் போட்டாலும் தண்ணியால அதுக்குக் கீழே இறக்க முடியாது. கார்த்திகையில வந்து பாரு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும், அப்ப உன் பிளாண்ட் சும்மா தண்ணி தெளிக்கிற மிஷின்” என்றார். நாற்பது வருஷமாக நான் சம்பாதித்ததில் பாதி, இந்த இரண்டு எண்ணுக்கு நடுவே இருக்கிற இடைவெளியிலிருந்து வந்தது.

அங்கே நான் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். துளி உதறுகிற தகடுகளில் உப்பு படிந்து அடைத்திருந்தது. எங்கள் ஊர் ஆழ்துளைத் தண்ணீர் அப்படி. கழற்றிச் சுரண்டித் திரும்ப மாட்டும்போது சில தகடுகளைத் தலைமாற்றி மாட்டிவிட்டேன். இரவு ஷிப்டில் தகரக் குழாய் வாயிலிருந்து ரிங் ஃபிரேம் மேல் தூறல் விழுந்தது. நனைந்த நூல், துருப்பிடித்த கதிர்கள். காற்று தண்ணீரைச் சுமக்கும், ஆனால் எதைச் சுமக்கிறது, எதை இறக்கி வைக்கிறது என்பது ஒரு மடிப்பில் இருக்கிறது. பெரியவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

1985இல் மில்லை விட்டு வந்து பட்டறை போட்டபோது ஃபேன் வேலை எதுவும் இல்லை. வந்ததெல்லாம் கிணற்று டீசல் இன்ஜின்கள். கமலை போய் இன்ஜின் வந்திருந்த காலம். பம்பு இறைக்கிற தண்ணீரிலிருந்தே ஒரு சின்னக் குழாய் பிரித்து இன்ஜினைச் சுற்றி ஓடவிட்டுக் குளிரவைப்பார்கள். மாமா ஒருவர் இன்ஜின் மேல் பிள்ளையை விட அதிகப் பாசம் வைத்திருந்தார். வால்வை முழுக்கத் திறந்து வெளியே வருகிற தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே ஜில்லென்று வரும்படி பார்த்துக்கொள்வார். “பாத்தியா மாப்பிள்ளை, சூடே இல்லை.” இரண்டே வருஷத்தில் சிலிண்டர் தேய்ந்து வெள்ளைப் புகை தள்ளியது. எண்ணெயில் டீசல் இறங்கி நீர்த்திருந்தது. சுவர் அவ்வளவு குளிர்ந்து கிடந்தால் டீசல் முழுக்க எரியாது. எரிந்ததிலிருந்து வருகிற ஈரம் அமிலமாகச் சுவரில் வேர்த்து அரிக்கும். இன்ஜினுக்கும் ஒரு காய்ச்சல் வேண்டும். வெளியே வருகிற தண்ணீரில் விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் எடுக்கத் தோன்ற வேண்டும். அப்படி வால்வைத் திருகி வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். மாமா கடைசிவரை நம்பவில்லை. நான் போன பிறகு வால்வை மறுபடி திறந்துவிடுவார் என்று அத்தை சொன்னார்.

தீப்பெட்டி ஆபீஸ்கள்தான் என் உண்மையான பள்ளிக்கூடம். கேரளத்திலிருந்து வருகிற குச்சி. அதை மெழுகில் தோய்த்து மருந்தில் முக்க வேண்டும். மருந்தில் குளோரேட்டையும் மற்றதையும் பிடித்து வைத்திருப்பது வஜ்ஜிரப் பசை. பசை ஈரத்தை விடவும் செய்யும், வாங்கவும் செய்யும். மெதுவாகக் காய்ந்தால் தலை தொங்கி ஒரு பக்கம் சாயும். அவசரமாகக் காய்ந்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நின்றுவிடும். அப்புறம் அந்தத் தோல் வெடிக்கும். உரசினால் தலை தெறிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா முதலாளிகளும் கேட்பது ஒன்றுதான்: சூடு கொடு.

ஒருவர் கம்பிச்சுருள் ஹீட்டரை ஃபேன் முன்னால் வைத்துக் கட்டச் சொன்னார். பார்த்துவிட்டு முடியாது என்று திரும்பி வந்துவிட்டேன். வேலை தேடி அலைந்த நாளில் நான் வேண்டாம் என்று சொன்ன ஒரே வேலை அது. பழுத்த கம்பிக்கும் குளோரேட் தூசிக்கும் நடுவே ஊதுகிற காற்றை நான் வைக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவர் கேட்டது நியாயம்தானே என்று பட்டது. மழைநாளில் 26 டிகிரியில் ஈரப்பதம் 95 என்று நிற்கிற காற்றை ஐந்து டிகிரி சூடேற்றினால் போதும், 70 பக்கம் இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே எடுக்க வேண்டாம், காற்றுக்குப் பசியெடுத்துவிடும். ஐந்து டிகிரிக்கு நெருப்பு எதற்கு?

பழைய இரும்புக் கடையில் லாரி ரேடியேட்டர் இரண்டு வாங்கினேன். கொட்டகையிலிருந்து நாற்பது அடி தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கம் ஓர் அடுப்பு, அதன்மேல் பீப்பாய், பீப்பாய்த் தண்ணீரை ஒரு சின்ன பம்பு ரேடியேட்டருக்கு அனுப்பும். ரேடியேட்டர் சுவர் ஓட்டையில். மோட்டாரும் ஃபேனும் சுவருக்கு வெளியே, சுத்தக் காற்றுப் பக்கம். தண்ணீர் எப்படிக் கொதித்தாலும் நூறு டிகிரியைத் தாண்டாது. நான் எழுபதுக்கு மேல் விடவில்லை. லாரியில் சூட்டை வெளியேற்றின பெட்டி இங்கே சூட்டை உள்ளே கொண்டுவந்தது. முதல் நாள் ரேடியேட்டரின் கீழ்ப்பாதி கொதித்தது, மேல்பாதி பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பம்பை மாற்றினேன், குழாயை மாற்றினேன், அடுப்பில் விறகைக் கூட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் மேலே காற்று சிறைப்பட்டு நிற்பது தெரிந்தது. உச்சியில் ஒரு சின்னக் குழாய் வைத்துத் திறந்ததும் ‘புஸ்’ என்று நாலு பெருமூச்சு. அப்புறம் முழுக்கச் சூடு. காற்றை ஓட்டுவதற்காக வைத்த மிஷினை, உள்ளே ஒளிந்திருந்த கைப்பிடிக் காற்று நிறுத்திவிட்டது. அந்த வருஷம் ஏழு ஆபீஸ்களில் லாரி ரேடியேட்டர் மாட்டினேன். அப்போது வைத்த பேர்தான் காத்து மேஸ்திரி.

காற்று எங்கே போகிறது என்று பார்க்க மற்ற இடங்களில் ஊதுபத்தி போதும். தீப்பெட்டி ஆபீஸுக்குள் அது கூடாது. அதனால் எருக்கம்பஞ்சு. ஒரு பழைய பவுடர் டப்பாவில் எப்போதும் வைத்திருப்பேன். மூடியைத் திறந்து இரண்டு இழையை விட்டால் அது பொய் சொல்லாமல் காற்றோடு போகும். என் பையில் இருந்த கருவிகளிலேயே விலையில்லாததும், அதிகம் வேலை செய்ததும் அதுதான்.

சித்திரை, வைகாசியில் புகார் மாறும். தகரக் கொட்டகையில் அறுபது பெண்கள் உட்கார்ந்து பெட்டி அடைப்பார்கள். ஆள் ஒன்றுக்கு நூறு வாட்டுக்குக் குறையாத சூடு. அறுபது பேருக்கு ஆறு கிலோவாட்டுக்கு மேல். அது சின்னக் கணக்கு. தலைக்கு மேல் இருக்கிற தகரம்தான் பெரிய கணக்கு. பின்னாளில் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் கைக்கு வந்ததும் பார்த்தேன். துருவேறிய தகரம் மத்தியானம் அறுபதைத் தாண்டும். அது காற்றைச் சூடாக்குவதற்கு முன்னாலேயே நேராகத் தலையில் கதிராக இறங்கும். அதை ஃபேன் எப்படித் துடைக்கும்? கேட்டதெல்லாம் ஃபேன்தான். நான் கொடுத்தது சுண்ணாம்பு. ஃபெவிகால் கலந்து கூரைக்கு இரண்டு கை வெள்ளையடித்தால் அந்தத் தகரமே 45க்குள் நின்றது. “இதுக்கு மேஸ்திரி எதுக்கு, பெயிண்டர் போதாதா?” என்று ஒரு முதலாளி கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கூரையில் சுழல்கிற உருண்டை வெண்டிலேட்டர்கள் வந்தன. ஊரெல்லாம் அதே பேச்சு. ஓர் ஆபீஸில் எட்டு மாட்டியும் புழுக்கம் குறையவில்லை என்று கூப்பிட்டார்கள். எட்டும் மேலே அழகாகச் சுற்றுகின்றன. கீழே புழுதிக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். எருக்கம்பஞ்சை விட்டேன், அந்தரத்திலேயே நின்று யோசித்தது. உள்ளே வர வழியில்லாத காற்று எப்படி வெளியே போகும்? கிழக்குச் சுவரில் தரையோடு ஒட்டி வரிசையாகச் செங்கல் உருவினேன். “அண்ணே, இப்பதான் முந்தானை அசையுது” என்றார் மூலையில் இருந்த அக்கா. அந்தக் கொட்டகையில் என் வேலையை அளந்த மீட்டர் அதுதான்.

மோட்டார், புல்லி விவகாரங்கள் தனி ரகம். காற்று போதவில்லை என்றால் எல்லாருக்கும் தோன்றுவது மோட்டார் புல்லியைப் பெரிதாக்குவது. நாலு அங்குலத்தைக் கழற்றி ஐந்து அங்குலம் போட்டார் ஒருவர். காற்று கால் பங்குதான் கூடும். ஆனால் மோட்டார் சுமக்கிற பாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. சாயங்காலம் மோட்டார் என் பட்டறைக்குக் காயில் கட்ட வந்துவிட்டது. இன்னொருவர் புளோயர் வாயை மரப்பலகையால் அடைத்தால் மோட்டார் திணறி எரிந்துவிடும் என்று பயந்தார். அடைத்துக் காட்டினேன், ஆம்பியர் இறங்கியது. காற்று நகராவிட்டால் அதற்கு வேலையே இல்லை. அவர் என்னை மந்திரவாதி மாதிரிப் பார்த்தார்.

என் பட்டறைப் பையனே ஒருமுறை கேபிள் மாற்றும்போது இரண்டு ஃபேஸை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். சாதாரண இறக்கை ஃபேனாக இருந்தால் காற்று திரும்பி முகத்தில் அடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். நத்தை ஓட்டுப் புளோயர் அப்படியில்லை. தலைகீழாகச் சுற்றினாலும் அதே வாய் வழியாகத்தான் ஊதும், பாதி பலத்தில். இரண்டு மாதம் அவர்கள் “புளோயர் வயசாகிப்போச்சு” என்று நினைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள். நானும் போய் பெல்ட்டை இறுக்கிவிட்டு வந்தேன்! மூன்றாம் முறை போனபோதுதான் அம்புக்குறியைப் பார்த்தேன். அதற்கப்புறம் எந்தப் புளோயரானாலும் முதலில் அணைத்து, நிற்கும்போது எந்தப் பக்கம் சுற்றி நிற்கிறது என்று பார்ப்பேன்.

கடலை மிட்டாய்க்கு வருகிறேன். 2020 ஏப்ரலில் எங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் மிட்டாய் போடுகிறவர்களின் ஐப்பசிக் கவலை குறியீடு வந்ததால் குறையவில்லை. வெல்லப்பாகு பதம் வந்ததா என்று ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போடுவார்கள். டங்கென்று கேட்க வேண்டும். கடலையைக் கொட்டிக் கிளறிப் பலகையில் பரப்பி, உருளை ஓட்டி, சூட்டோடு கத்தி போட வேண்டும். ஓர் அண்ணாச்சி சீக்கிரம் ஆறட்டும் என்று பலகைக்கு நேர் மேலே சீலிங் ஃபேன் மாட்டியிருந்தார். கத்தி போட்டால் துண்டு கோட்டோடு உடையாமல் மூலை மூலையாகச் சில்லாகிறது. “கடலை சரியில்லையோ?” என்றார். மேல்தோல் விறைத்து அடிப்பக்கம் இளகி இருக்கிறது; ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் ஊற்றின வண்டிப்பட்டை. ஃபேனை அணைக்கச் சொன்னேன். பலகைக்குக் கீழே காற்றோட்டம் வரும்படி அடியில் கட்டையைக் கொடுத்துத் தூக்கி, மேலேயும் கீழேயும் மெதுவாக ஆறவிட்டோம்.

மழைக்காலத்தில் அதற்கு நேரெதிர்ச் சிக்கல். ஆறிய மிட்டாயை அரைமணி வெளியே விட்டால் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக் கசியும். ஆறுவதற்கும் கசிவதற்கும் நடுவே கிடைக்கிற நேரத்துக்குள் கவருக்குள் போக வேண்டும். சூட்டோடு போட்டாலும் தொல்லை. அதற்குச் சின்ன அறை கட்டி ஏசி போட்டார்கள் வசதியுள்ளவர்கள். குளிர வைப்பதை விட அந்த ஏசி ஈரத்தைப் பிடித்து வெளியே சொட்டவிடுவதுதான் அங்கே பெரிய வேலை.

காற்றாலை வேலை எனக்குக் கொஞ்ச காலம்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. காற்று நன்றாக அடிக்கிற ஆடியில்தான் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடேறி மிஷின் நின்றுபோகும். கரண்டு அதிகம் விற்கிற மாதம் பார்த்து. எண்ணெய் குளிர்விக்கிற ரேடியேட்டர் இடுக்குகளில் கரிசல் புழுதியும் பஞ்சும் கம்பளிபோல மண்டியிருக்கும். காற்று நுழைகிற பக்கத்திலிருந்து ஊதினால் அழுக்கு இன்னும் உள்ளே இறுகும். வெளியேறுகிற பக்கத்திலிருந்து ஊத வேண்டும், அதுவும் மெதுவாக. வேகத் தண்ணீர் பாய்ச்சி இதழ்களை மடக்கிப்போட்ட கூலர்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

ஊரில் ஏர்கூலர் செய்து விற்ற காலத்தில் அதிகம் கேட்ட புகார், “மேஸ்திரி, ஜூன்ல ஊட்டி மாதிரி இருந்தது, இப்ப நவம்பர்ல தலையணை ஈரமாகுது.” அந்த இரண்டு தெர்மாமீட்டர் கதையைச் சொல்லுவேன். மணிக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் ஆவியானால் அது ஒரு டன் ஏசி எடுக்கிற சூட்டுக்குச் சமம். மேகாத்து அடிக்கிற நாளில் கோவில்பட்டிக்காரனுக்கு அது ஏறக்குறைய இலவசம். ஆனால் அந்த ஈரம் வெளியே போக எதிர் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். குளிர் வெளியே போய்விடுமே என்று பூட்டிவிட்டு உட்காருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

இப்போது பையன்கள் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். எனக்கு இருபது வயதில் அந்த மில் பெரியவரைத் தவிர யாரும் எதையும் காட்டவில்லை. ஒரு பையன் அட்டை ஒன்றில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்களைச் செருகிக் கொண்டுவந்தான். வங்கதேசத்தில் இதை ஜன்னலில் மாட்டினால் ஐந்து டிகிரி குறைகிறதாம். “வாயை அகலத் திறந்து ஊதினா சூடு, குவிச்சு ஊதினா குளிர்ச்சி. அதே தத்துவம் தாத்தா.” சரி, குவித்து ஊது, ஆனால் கையை உதட்டோடு ஒட்டி வை என்றேன். சூடாகத்தான் இருந்தது. கையைத் தள்ளிக்கொண்டே போனால்தான் குளிர்கிறது. வேகமாகப் போகிற மெல்லிய காற்று பக்கத்துக் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. வாயின் சூடு அதில் கரைந்துபோகிறது. குறுகிய கழுத்து எதையும் குளிர வைக்கவில்லை. பாட்டில் பலகையை மாட்டி உள்ளேயும் வெளியேயும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தோம். காற்று குறைந்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. பையன் முகம் வாடிவிட்டது. அடுத்த வாரம் அதே பலகையில் பாட்டிலுக்குப் பதில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டிச் சொட்டுநீர் விட்டுக்கொண்டு வந்தான். அது வேலை செய்தது.

தீப்பெட்டியும் மாறிவிட்டது. ஒரு பெட்டி 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்று, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். கைவேலை ஆபீஸ்கள் குறைந்து முழு இயந்திர யூனிட்டுகள் நிற்கின்றன. துளைத்தட்டில் செருகிய குச்சி மருந்தில் முங்கி, மேலும் கீழுமாக ஒரு மணி நேரத்துக்குக் கிட்டப் பயணம் செய்து காய்ந்து வெளியே வந்துவிழுகிறது. புளோயர்களுக்கு வேகம் மாற்றுகிற டிரைவ்கள். எண்பது சதவீத வேகத்தில் ஓட்டினால் கரண்டு பாதிதான். அதே மும்மடிக் கணக்கு இப்போது முதலாளி பக்கம் வேலை செய்கிறது. அந்த டிரைவ் பெட்டிக்குள் கரிசல் புழுதியை இழுத்துப்போட்டு அதைக் கொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது தனிக் கதை.

போன கார்த்திகையில் அப்படி ஒரு யூனிட்டுக்குக் கூப்பிட்டார்கள். காய்கிற பகுதியில் ஒரு மூலையில் மட்டும் குச்சி ஈரமாகவே வருகிறது. முதலாளியின் மகள் இன்ஜினீயரிங் முடித்தவர், கையில் சின்னக் காற்றாடி வைத்த மீட்டரோடு ஒவ்வொரு வாயாக அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். எல்லா எண்ணும் சரியாக இருந்தது. நானும் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்தேன். வெளியேற்றுகிற குழாய் வாயில், சுவருக்கு வெளியே போய் நின்று, ஒரு சிட்டிகை விட்டேன். பஞ்சு மேலே ஏறியது. வாடைக்காற்றில் சுவரோரம் மெல்லத் திரும்பியது. ஆறடி தள்ளி இருந்த உறிஞ்சு வாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக நுழைந்தது. துப்பின ஈரத்தையே யூனிட் மறுபடி குடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் மீட்டரைப் பைக்குள் வைத்துவிட்டு டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தார்.

“இது எங்க கிடைக்கும் தாத்தா?”

“ரயில்வே லைன் ஓரம் பூரா எருக்குதாம்மா. பங்குனில காய் வெடிக்கும். அதுக்கு முன்னாடி பறிக்கப் போயிராத, பால் கண்ணுல பட்டுரும்.”